கதவைத் திறந்துவிட்டால் பஸ் வருமா?

(சிலிம் ரிவரில் கூடிய தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரம் வெட்டி, பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்த ஈரம் காயுமுன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கிராணிமார்களும் கணக்கை மூடிவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களை நெடுநேரம் பிடித்து வைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் இன்று பேசவேண்டிய சங்கதியே, நீங்கள் இந்த மண்டபத்துக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதுதான். வாசலில் பார்த்தோம். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு லோரியில் பெண்கள் சிலர் வந்திறங்கினார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், தூக்க ஒரு கைகூட இல்லை.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்லுகிறோம். நம் தோட்டத்து மூதாட்டி ஒருவர், சர்க்கரை நோய்க்காகச் சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர். மகன் வேலைக்குப் போய்விட்டான். லயத்திலிருந்து பெரிய சடக்குக்கு மூன்று மைல். வாடகைக் கார் பேசினார்கள். போகவர நாற்பது வெள்ளி. ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளுக்கு ஒரு காசு செலவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கத்தான் நாற்பது வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. இருபத்தாறு நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. மகனுடைய ஒரு நாள் உழைப்பில் பாதிக்கு மேல் தாயின் கார் கூலிக்குப் போயிற்று. அதற்கடுத்த முறை அந்த அம்மாள் போகவே இல்லை. “மாத்திரை இன்னும் மிச்சம் இருக்கிறது ஐயா” என்றார். மிச்சம் எப்படி வந்தது? இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கியிருந்தார்!

ஒரு காலத்தில் நம் சந்திப்பில் பஸ் நின்றது. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சில்லறை எண்ணுவார். பாசாரில் வாங்கிய மீன் கூடையைப் படியோரம் வைத்தால் முகம் சுளிப்பார், ஆனாலும் ஏற்றிக்கொள்வார். அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி இனிப் பயனில்லை. நாலு நடை ஓடிய பஸ் இரண்டு நடையாயிற்று. பிறகு “பஸ் ரிப்பேர்” என்றார்கள். பிறகு ரிப்பேர் என்று சொல்லவும் ஆள் இல்லை.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறதாகப் படித்தவர்கள் சிலர் சொல்லுகிறார்கள். “சர்க்கார் ஏன் லைசென்ஸை முடிந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? கதவைத் திறந்துவிடட்டும். யார் வேண்டுமானாலும் பஸ் ஓட்டட்டும். போட்டி வந்தால் பஸ் உங்கள் லயத்து வாசலுக்கே வரும்” என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் தோட்டத்து இளைஞர் ஒருவரே இதை நம்மிடம் வாதாடினார். நல்ல பிள்ளை, வாதாடட்டும். ஆனால் இந்தக் கதவை ஏற்கெனவே திறந்து பார்த்த ஊர்கள் உண்டு. அங்கே யார் நுழைந்தார்கள், நுழைந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்த்துவிட்டு நாம் முடிவு செய்யலாமே.

முதலில் நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் ஸ்ரீ ஜெயா, லென் செங், தூங் ஃபோங் முதலிய பெரிய பஸ் கம்பெனிகள் ஓடின. ஊர் பெருத்தது, பஸ் போதவில்லை. 1975 செப்டம்பரில் மினி பஸ்களுக்கு வழி திறந்தார்கள். சிறிய பஸ், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். கடைசிக் காலத்தில் அது அறுபது காசு. அந்த ரோஜா நிற பஸ்ஸில் தொங்கிப் பயணம் செய்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நன்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பெரிய பஸ் நுழையாத சந்துகளில் அது நுழைந்தது. வேலை தேடித் தோட்டத்தைவிட்டுத் தலைநகருக்குப் போன நம் பிள்ளைகளை வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டுசேர்த்தது. ஆனால் ஓட்டுகிறவருக்கு வசூலில் பங்கு. ஆகவே முன்னால் போகிற பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்து ஆட்கள் அவருக்குக் கிடைப்பார்கள். முந்தினார்கள். மோதினார்கள். 1998இன் நடுவில் மினி பஸ்களை அடியோடு நிறுத்தினார்கள். அதன் இடத்துக்கு வந்த பெரிய கம்பெனிகளும் நஷ்டத்தில் மூழ்கி, கடைசியில் பிரசரானா என்னும் சர்க்கார் நிறுவனம் பஸ்களை எடுத்துக்கொண்டு, ரேபிட் கே.எல். என்ற பெயரில் ஓட்ட வேண்டியதாயிற்று.

அது பட்டணம். தோட்டத்துக்கு நெருங்கிய கதை வேண்டுமானால் இலங்கைக்குப் போகவேண்டும். அங்கே மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் நம்மைப் போலவே கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள். லயத்து வாழ்க்கை, பெரட்டு, கங்காணி, எல்லாம் நமக்குத் தெரிந்தவையே.

இலங்கையில் ஆதியில் பஸ் எல்லாம் தனியார் முதலாளிகள் கையில் இருந்தது. ஒரே சடக்கில் இரண்டு கம்பெனிகள் சண்டை போட்டன. 1958 ஜனவரி முதல் தேதி, பண்டாரநாயக்கா பிரதமராக இருந்தபோது, எல்லாவற்றையும் சர்க்கார் எடுத்துக்கொண்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. சிவப்பு பஸ் ஓடிற்று. உச்ச காலத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் பஸ்கள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர். உலகத்திலேயே மிகப் பெரிய பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பேசப்பட்டது. லாபமில்லாத கிராமத்துக்கும் மலைப் பாதைக்கும் பஸ் போயிற்று. லாபமுள்ள பாதையின் காசு, லாபமில்லாத பாதையின் டீசலுக்கு ஆயிற்று.

குறையில்லாமல் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பஸ் போதவில்லை, பழுதான பஸ்கள் டிப்போவில் குந்திக்கிடந்தன, அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களை வேலைக்குத் திணித்தார்கள், படியில் தொங்கிப் போவது வழக்கமாயிற்று. பொதுச் சொத்து என்று சொல்லிக்கொண்டு பொறுப்பில்லாமல் நடந்தால் மக்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 1978இல் சபையைப் பிரதேச வாரியாக உடைத்தார்கள். 1979இல் தனியார் பஸ்ஸுக்குக் கதவு திறந்தது. மக்கள் வரவேற்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் தொத்துகிறவனுக்கு எந்த நிற பஸ் என்பதா கவலை?

வந்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர். ஒரு பஸ், ஒரு முதலாளி. கடன் வாங்கி, நிலத்தை அடகு வைத்து ஒரு பஸ் வாங்கியவர்கள். ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். இன்று இலங்கையில் பஸ்ஸில் போகிறவர்களில் பெரும்பாலோரை ஏற்றுவது தனியார் பஸ்தான். ஆனால் எந்தச் சடக்கில் பெருகினார்கள்? ஜனம் ஏற்கெனவே கூடி நிற்கிற சடக்கில். காலை ஏழு மணிக்குப் பத்து பஸ். இரவு எட்டு மணிக்கு ஒன்றுமில்லை.

இப்போது கூலி விஷயத்துக்கு வருவோம். நாம் ரப்பர் வெட்டுகிறவர்கள். இது நமக்குப் புரிந்த அளவுக்கு மந்திரிகளுக்குக்கூடப் புரியாது. அந்தத் தனியார் பஸ்களில் முதலாளிக்கு நாளைக்கு இவ்வளவு என்று வசூல் போய்ச்சேர வேண்டும். டீசலுக்கு எடுத்தது போக மிஞ்சுவதில்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பங்கு. அதாவது அவர்களுக்குச் சம்பளமில்லை. நிறுத்துக் கொடுத்த பாலுக்குக் காசு வாங்குவது போன்ற கணக்கு. மழை பெய்தால் நமக்குப் பாலில்லை. ஜனம் ஏறாவிட்டால் அவருக்குக் கூலியில்லை. அப்படியானால் அவர் என்ன செய்வார்? பஸ் ஸ்டேண்டில் என்ஜினை உறுமவிட்டுக்கொண்டு, இடம் நிறையும்வரை நகரமாட்டார். உள்ளே உட்கார்ந்தவர் வெயிலில் வேகட்டும். நிறைந்ததும், பின்னால் வருகிற பஸ் பிடித்துவிடுமே என்று பறப்பார். பள்ளிக்கூடப் பிள்ளை கையைக் காட்டினால் நிற்கமாட்டார். பிள்ளைக்கு அரைக் கட்டணந்தானே!

அந்த டிரைவரை நாம் கெட்டவர் என்று சொல்லவில்லை. கூலிக்கு அவசரப்பட்டு வெட்டினால் நம் கத்தியும் பட்டையைத் தாண்டி மரத்தில் ஏறத்தான் செய்கிறது. காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறு வெட்டுக்கு உதவாமல் போகிறது. மரத்துக்குக் காயம் பட்டால் தண்டல் வந்து திட்டுவார், அவ்வளவுதான். சடக்கில் காயம் பட்டால் திட்டுக் கேட்க ஆள் உயிரோடிருக்க வேண்டுமே!

இலங்கை சர்க்காரும் பட்ட பிறகுதான் உணர்ந்தது. 1991இல் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு என்று ஒன்றை அமைத்துப் பாதை உரிமங்களைக் கட்டுப்படுத்த முயன்றது. உடைத்த சபையைப் பல விதமாக ஒட்டவைத்துப் பார்த்து, 2005இல் சட்டம் செய்து மறுபடியும் ஒரே சபையாக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘சிசு செரிய’, கிராமங்களுக்கு ‘கெமி செரிய’, இரவு நேரத்துக்கு ‘நிசி செரிய’ என்று பணம் கொடுத்து பஸ் ஓட்டச் செய்தது. பள்ளிக்கூடம், கிராமம், இரவு. போட்டி எங்கே எட்டிப் பார்க்கவில்லையோ, அங்கேதான் பொதுப் பணம் போகவேண்டியிருந்தது.

இந்த மருந்தைப் பெரிய அளவில் குடித்த நாடு பிரிட்டன். அங்கே 1985இல் சட்டம் செய்து, 1986 அக்டோபர் 26ஆம் தேதி முதல், லண்டன் நீங்கலாக நாட்டின் பெரும்பகுதியில் பஸ் பாதைகளைத் திறந்துவிட்டார்கள். 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும், புதுப் பாதையில் பஸ் விடலாம். அதே 42 நாள் அறிவிப்பில் நிறுத்தியும் விடலாம். முதலில் ஒரே கொண்டாட்டம். எல்லா ஊரிலும் புதுக் கம்பெனி. பிறகு பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிற்று. டார்லிங்டன் என்ற ஊரில் 1994இல் என்ன நடந்தது தெரியுமா? நகராட்சிக்குச் சொந்தமான பஸ் கம்பெனி ஒன்று விலைக்கு வந்தது. பெரிய தனியார் நிறுவனம் ஒன்று, அதன் டிரைவர்களைப் பணம் காட்டி இழுத்துக்கொண்டு, அதே பாதைகளில் இலவசமாகவே பஸ் விட்டது. ஆமாம், இலவசம்! இலவச பஸ்ஸை விட்டுக் காசு கொடுத்து ஏற யார் வருவார்கள்? நகராட்சிக் கம்பெனி மூடப்பட்டது. ஏகபோக விவகாரங்களை விசாரிக்கும் அந்நாட்டுக் கமிஷன் மறு ஆண்டு அந்த நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டனம் வருமுன் கம்பெனி போய்விட்டதே.

லண்டனில் மட்டும் வேறு ஏற்பாடு. அங்கேயும் ஓட்டுவது தனியார் கம்பெனிகள்தாம். ஆனால் எந்தப் பாதை, எத்தனை மணிக்கு, என்ன கட்டணம் என்று முடிவு செய்வது பொது அமைப்பு. கம்பெனிகள் டெண்டர் எடுத்து ஓட்டுகின்றன. மற்ற ஊர்களில் பிரயாணிகள் குறைந்துகொண்டே போனபோது லண்டனில் கூடினார்கள். இதைப் பார்த்து மான்செஸ்டர் வட்டாரம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பஸ்களையெல்லாம் அதே போன்ற ஏற்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. திறந்த கதவைச் சாத்தத் தொடங்கவே முப்பத்தேழு ஆண்டு பிடித்தது.

ஆகவே, தனியாரா சர்க்காரா என்று நாம் கட்சி கட்டிக்கொண்டிருந்தால் உண்மையான கேள்வி கை நழுவிப்போகும். பஸ் யாருடையது என்பதைவிட, அது எங்கே போகவேண்டும் என்று யார் சொல்வது, ஓட்டுகிறவருக்கு எந்தக் கணக்கில் கூலி என்பவைதாம் நம் தலையில் விடிகிற சங்கதிகள்.

இப்போது நம் பேராக்குக்குத் திரும்புவோம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்டது. தூரப் பயண எக்ஸ்பிரஸ் பஸ்கள் பெருகின. புடுராயாவில் டிக்கெட் விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுத்தது உங்களுக்கு மறந்திராது. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. அவையெல்லாம் நம் சிலிம் ரிவரைக் கடந்துதான் போகின்றன. ஆனால் நெடுஞ்சாலை மேலே பறந்துவிடுகின்றன. தஞ்சோங் மாலிமிலிருந்து பீடோர், தாப்பா பக்கம் போகிற பழைய சடக்கில் நின்று நின்று போகும் பஸ்தான் மெலிந்தது. ரயில் கதையும் கொஞ்சம் அப்படியே. இ.டி.எஸ். மின்சார ரயில் நம் ஸ்டேஷனில் நிற்கிறது, நல்லது. லயத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வர என்ன வழி? அதே வாடகைக் கார்.

இந்தப் பெருக்கத்தில் இன்னொரு நோயும் புகுந்தது. பெர்மிட் ஒருவர் பெயரில். பஸ் ஓட்டுவது வேறொருவர். பெர்மிட் வைத்திருப்பவர் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வாடகை வாங்குகிறார். நிலத்தில் இறங்காத நிலச்சுவான்தார் போல, பஸ்ஸே ஏறாத பஸ் முதலாளி! பஸ்ஸின் பிரேக்கைப் பார்ப்பது யார், டிரைவர் தூங்கினாரா என்று கேட்பது யார்? 2025 ஜூன் 9ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கிரிக் பக்கத்துக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்தது. திரெங்கானுவிலிருந்து நம் பக்கத்து ஊரான தஞ்சோங் மாலிமுக்கு, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள். பதினைந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்தப் பெர்மிட் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகச் சொல்லி மறுநாளே சர்க்கார் உரிமத்தை ரத்துச் செய்தது. ஆசிரியராகப் போகிற பிள்ளைகள்! அவர்கள் படித்து முடித்து வந்து நிற்கவேண்டிய பள்ளிக்கூடங்களில் நம் வட்டாரத்துப் பள்ளியும் இருந்திருக்கலாம். இந்த இடத்தில் நமக்குப் பேச்சு வரவில்லை, மன்னிக்கவும்.

“அப்படியானால் தோட்டத்துக்கு பஸ் வரவே வராதா?” என்று கேட்பீர்கள். வரச்செய்ய வழி தேடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1997இல் மினி பஸ் திட்டம் போட்டபோது, பஸ்ஸே போகாத குக்கிராமங்களை நோக்கிப் போட்டார்கள். மொத்தப் பாதையில் ஏற்கெனவே பஸ் ஓடுகிற சடக்கில் நாலு கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்று விதி. விதி நல்லதுதான், ஆனால் கட்டுப்படியாகவில்லை என்று பலர் நிறுத்திவிட்டார்கள், சிலர் பெரிய சடக்கிலேயே திருட்டுத்தனமாக ஓடினார்கள். 2025 ஜூனில் திருத்திய திட்டம் வந்தது: பாதை 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் 65 விழுக்காடாவது பஸ் இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். லாபச் சடக்கில் கொஞ்சம், ஏழைச் சடக்கில் மீதி. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். இது எப்படி ஓடுகிறது என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலும், ஈப்போ போன்ற ஊர்களில் மைபஸ் என்று ஓடுகிறதே, அதற்கு சர்க்கார் ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுக்கிறது. மாதம் ஐம்பது வெள்ளிக்கு எத்தனை தடவையானாலும் போகலாம் என்று பாஸ் இருக்கிறது. அந்த மூதாட்டியின் ஒரு நாள் கார் கூலி நாற்பது வெள்ளி. ஈப்போக்காரருக்கு ஒரு மாத பஸ் ஐம்பது வெள்ளி. ஈப்போக்காரர்மேல் நமக்குப் பொறாமை இல்லை. நாமும் வரி கட்டுகிறோம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம்.

லைசென்ஸ் கொடுக்கிற இலாகா முன்பு லைசென்ஸ் போர்டாக இருந்தது. 2010இல் ஸ்பாட் என்ற ஆணையமாயிற்று. 2019இல் அபாட் ஆயிற்று. மூன்று பெயர் மாறிவிட்டது, நம் சந்திப்பில் நிற்கிற கூட்டம் மாறவில்லை. அந்த இலாகாவுக்கு ஒரு மனு எழுத நம் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. முவாலிம் வட்டாரத்துத் தோட்டங்களுக்கு வாரத்தில் சில நாளாவது, ஆஸ்பத்திரி நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் ஒரு சிறிய பஸ்ஸோ வேனோ ஒப்பந்தத்தில் விடவேண்டும். ஓட்டுகிறவருக்கு வசூல் பங்கு அல்லாமல் மாதச் சம்பளம் இருக்கவேண்டும். பெர்மிட் பெற்றவரே ஓட்டவேண்டும். இவ்வளவுதான் கேட்கிறோம்.

ஆனால் வெறும் மனுவைப் பார்த்ததும் அதிகாரி கேட்கப்போகிற முதல் கேள்வி, “எத்தனை பேர் ஏறுவார்கள்?” என்பதாகும். போன தடவை இப்படி ஒரு கேள்வி வந்தபோது நாம் “நிறையப் பேர்” என்று பதில் சொன்னோம். நிறைய என்பது ஒரு கணக்கா? கிராணிமார்கள் சிரிப்பது சரிதான். இந்தத் தடவை சிரித்தவர்கள் தலையிலேயே வேலையைக் கட்டுகிறோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிராணி, ஒரு பெண் தோழர். நான்கு வாரம், வீடு வீடாகக் கேட்டு, யார், என்ன கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே போகிறார்கள், இப்போது என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று எழுதவேண்டும். போக நினைத்துப் போகாமல் இருந்துவிட்டவர்களையும் எழுதுங்கள். அது எந்த பஸ் கம்பெனியின் வசூல் கணக்கிலும் வராத ஆள்.

நோட்டுப் புத்தகங்கள் வாசல் மேசைமேல் இருக்கின்றன. நம் தோட்டத்துப் புத்தகத்தில் முதல் வரி எழுதியாயிற்று: செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி, ஆஸ்பத்திரி, நாற்பது வெள்ளி, போகவில்லை. போகும்போது பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.